தொடாத நாற்பது நிமிடம்

செப்டம்பர் 3

தம்பிக்கு,

காகிதத்தில் எழுதுகிறாளே, அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று நினைப்பாய். நினைத்துக்கொள். மூன்று வாரமாக நான் ஃபோனைத் தொடவில்லை. விளக்கு சுவிட்சை முழங்கையால் தட்டுகிறேன். லிஃப்ட் பட்டனை அழுத்தப் பயந்து நான்கு மாடியும் படியேறுகிறேன். உன் மாமா இரண்டு நாள் சிரித்தார். மூன்றாம் நாளிலிருந்து சிரிப்பதை நிறுத்திவிட்டு, தானே முன்னால் போய் எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறார். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சண்டை.

அப்பா இறந்துபோன நான்காம் நாள் முதியோர் இல்லத்து மேலாளர் அம்மா என்னை உட்கார வைத்து, உனக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் கேட்டார். அப்பாவின் ஏழாம் அறையிலிருந்து தகவல் எத்தனை மணிக்குக் கண்காணிப்புத் திரைக்கு வந்தது என்று. நீ மூச்சுவிடக்கூட இடைவெளி எடுக்கவில்லை. "ரெண்டு பத்துக்கு வந்துடுச்சு மேடம், பதிவுல இருக்கு" என்றாய். அங்கேயே என் கதை முடிந்தது. மதியம் ரெண்டு பத்துக்கு வந்த தகவலை ரெண்டு ஐம்பது வரை பார்க்காமல் கண்காணிப்பு மேசையில் உட்கார்ந்திருந்தவள் என்று பெயர் வாங்கிவிட்டேன். அதுவும் சொந்த அப்பா விழுந்து கிடந்ததைப் பார்க்காதவள். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இருபத்தாறாம் தேதி விசாரணை. செவிலியர் பதிவை ரத்து செய்யச் சொல்லி எழுதப் போகிறார்களாம்.

அந்தத் திரையை என் தம்பி செய்வான் என்று நான்தான் மார்தட்டிச் சிபாரிசு செய்தேன். அப்பாவை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல், நான் வேலை செய்யும் இடத்திலேயே இருந்தால் என் கண்முன் இருப்பார் என்று ஏழாம் அறையில் சேர்த்ததும் நான்தான். கண்முன்தான் இருந்தார், பச்சைக் கட்டமாக.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு கட்டங்களும் பச்சை. பச்சை என்றால் கட்டிலில் இருக்கிறார், மஞ்சள் என்றால் எழுந்துவிட்டார், சிவப்பு என்றால் விழுந்துவிட்டார். நீ சொல்லிக் கொடுத்ததுதான். ரெண்டு ஐம்பதுக்குத் திரையில் ஒரு தூசி தெரிந்தது. விரலால் துடைத்தேன். தொட்ட நொடியில் ஏழாம் கட்டம் மஞ்சளே ஆகாமல் சிவப்பானது. உடனே அப்பாவின் அழைப்பு மணி அடிக்க ஆரம்பித்தது. நான் வராந்தாவில் ஓடும்போதும் விடாமல் அடித்தது. பதினோரு தடவை, எண்ணினேன். உள்ளே போனால் அவர் குளியலறை வாசலில் தரையில் கிடக்கிறார். கை ஜில்லென்று இருந்தது. உயிர் போய்க் குறைந்தது இருபது நிமிடம் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். விழுந்தவுடன் யாராவது போயிருந்தால் பிழைத்திருக்கலாம் என்றும் சொன்னார்.

அப்படியென்றால் மணியை அழுத்தியது யார்? டாக்டர் சொன்னது என் மண்டைக்குப் புரிகிறது, விரலுக்குப் புரியவில்லை. நான் தொட்டேன், அவர் விழுந்தார். அதனால்தான் எதையும் தொடுவதில்லை.

அக்கா


செப்டம்பர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதலில் உடம்பைப் பார்த்துக்கொள். மாமாவிடம் சொல்லி ஒரு நல்ல டாக்டரைப் பார். விரலால் தொட்டு யாரும் சாகமாட்டார்கள் என்று உனக்கே தெரியும்.

மேலாளரிடம் நான் பொய் சொல்லவில்லை. அது நடக்கும் விதம் இப்படி. மெத்தைக்கு அடியிலும் தரையிலும் கதவிலும் அழைப்பு பட்டனிலும் இருக்கும் கருவிகள், ஏதாவது நடந்தால் தகவல் அனுப்பும். எப்போது நடக்கும் என்று முன்கூட்டித் தெரியாது அல்லவா, அதனால் "தகவல் வந்தால் என்னைக் கூப்பிடு" என்று ஒரு துண்டு நிரலை எழுதி விட்டு வைப்போம். கால்பேக் என்பார்கள். அன்றைக்கு ரெண்டு பத்துக்கு அது கூப்பிடப்பட்டிருக்கிறது. ஏழாம் அறையின் நிலையைச் 'சிவப்பு' என்று மாற்றியும் இருக்கிறது. பதிவில் எல்லாம் சுத்தமாக இருக்கிறது.

ஒப்படைக்கும் முன் நானே இருநூறு தடவை சோதித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

நான் ஒன்று சொன்னால் கோபப்படாதே. நீ காலை ஐந்தரைக்கு எழுந்திருப்பவள். மதியம் சாப்பிட்ட பிறகு கண் கொஞ்சம் அசந்திருக்கலாம். அது மனுஷ உடம்பு, குற்றம் இல்லை. மணியும் அப்படித்தான், அதிர்ச்சியில் காது எதையாவது கேட்கும். விசாரணையில் அசதி என்று ஒத்துக்கொண்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். நான் வேண்டுமானால் அவர்களிடம் பேசிப் பார்க்கிறேன்.

உன் தம்பி


செப்டம்பர் 10

ஓட்டைவாய்க்கு,

சின்ன வயதில் உன்னை அப்படித்தானே கூப்பிடுவோம். வீட்டில் யார் எதை உடைத்தாலும் அப்பா வாசல்படி ஏறுமுன் ஓடிப்போய்ச் சொல்லிவிடுவாய், நீயே உடைத்ததைக்கூட. அந்த வாயை இப்போது எதை வைத்து அடைத்திருக்கிறாய்?

நான் தூங்கினேனா? நன்றாக இருக்கிறது. அப்பா பச்சைக் கட்டத்துக்குள் இருக்கும்போது நான் தூங்குவேனா? கேள். மேசை வேலை எனக்குக் கொடுத்து அன்றைக்கு நாலாம் நாள். அதுவரை அங்கே உட்கார்ந்தது என்கூட வேலை பார்க்கிற நம் லொடலொடாதான். அவளைத் தெரியுமே, வாயும் ஓயாது கையும் ஓயாது. பேசிக்கொண்டே திரையைத் தட்டுவாள், தேய்ப்பாள், கட்டத்தைத் திறந்து மூடுவாள். திரை முழுக்க அவள் கைரேகை. ஒப்படைக்க வந்த அன்று நீ அதைப் பார்த்து முகம் சுளித்து, "அக்கா, சும்மா நோண்டாதீங்கன்னு சொல்லு, தொடாம பாத்தா போதும்" என்றாய். மறந்துவிட்டதா? மேசை என் கைக்கு வந்த முதல் நாளே திரையைத் துடைத்து, 'தொடாதீர்கள்' என்று அட்டையில் எழுதி ஒட்டினேன். மருந்து கொடுத்ததைக் குறிக்க மட்டும் தொடுவேன், மற்றபடி இல்லை. அன்றைக்கு அந்த நாற்பது நிமிடமும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். மூலையில் கடிகாரம் நொடி நொடியாக ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடுகிற வரைக்கும் திரைக்கு உயிர் இருக்கிறது என்றுதானே நினைப்பேன்? நீ சொன்னதை அப்படியே கேட்டவள் அந்த இல்லத்தில் நான் ஒருத்திதான்.

மணி காதில் விழுந்த பிரமை என்கிறாய். லொடலொடாவுக்கும் கேட்டிருக்கிறது. "என்னக்கா, அப்பா இப்பிடி விடாம அடிக்கிறாரு" என்று துணி மடிக்கிற அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இன்னொன்று. நேற்று என் அலமாரிச் சாமான்களை எடுக்க இல்லத்துக்குப் போனேன். மேசையில் லொடலொடா இல்லை, டீ எடுக்கப் போயிருந்தாள். அட்டை இன்னும் ஒட்டியிருந்தது. ஏழாம் கட்டம் மட்டும் சாம்பல் நிறம், மற்ற பதினொன்றும் பச்சை. நாலாம் அறையும் பச்சை. அந்த அறைப் பெரியவரோ எனக்கு நேர் எதிரே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தோட்டத்துப் பாதையில் கைத்தடியோடு நடந்துகொண்டிருக்கிறார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். திரையிலோ கட்டிலில் படுத்திருக்கிறார். கடிகாரம் ஓடுகிறது. தொடவில்லை, சத்தியமாகத் தொடவில்லை. நின்றேன். ஆறு நிமிடம் அவர் இரண்டு இடத்திலும் இருந்தார்.

லொடலொடா வந்து டீயை வைத்துவிட்டு, பழக்கத்தில் திரையை ஒரு தட்டு தட்டினாள். நாலு மஞ்சளானது. கூடவே ஒன்பதும் பதினொன்றும். மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுந்துகொண்டார்கள். "இப்பதான் எந்திரிக்கிறாங்க போல" என்று சொல்லிக்கொண்டே டீயைக் குடித்தாள்.

பூசி மெழுகாமல் பதில் எழுது. நான் தூங்கினேன் என்று இன்னொரு தடவை எழுதினால் நீ எனக்குத் தம்பி இல்லை.

அக்கா


செப்டம்பர் 15

அக்கா,

உனக்கு எழுதுவதற்கு முன்னால் மேலாளர் அம்மாவுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியும் விட்டேன். உனக்கு முதலில் எழுதினால், அங்கே சொல்லாமல் இருக்க ஏதாவது காரணம் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. திரையைச் சரிசெய்யும் வரை நிமிடத்துக்கு ஒரு தடவை யாராவது தட்டிக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதம் வந்ததும், என் வீட்டு மேசையில் அதே திரையைத் திறந்து வைத்தேன். என்னிடம் மிச்சமிருந்த அழைப்பு பட்டனைத் தரையில் போட்டுக்கொண்டேன். பிறகு உன்னைப் போல இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்தேன். காலால் பட்டனை அழுத்தினேன். மணி அடிக்கவில்லை. கட்டம் பச்சையாகவே இருந்தது. கடிகாரம் ஓடியது. இன்னும் இரண்டு தடவை அழுத்திவிட்டுக் காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டேன். அரை மணி நேரம் அப்படியே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மௌஸைத் தொட்டேன். யாரும் தொடாமல் கிடந்த பட்டனின் மணி மூன்று தடவை அடித்தது. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து பக்கத்து அறைக்கு ஓடிவிட்டேன், அக்கா. எழுதியவன் நான், எனக்கே அப்படி இருந்தது.

நடந்தது இதுதான். திரையை ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில், ஆயத்தமாகக் கிடைக்கும் ஒரு ஃபிரேம்வொர்க்கை வைத்து எழுதினேன். அதை நமக்காகத் திரையைக் கவனிக்கும் ஓர் ஆள் என்று வைத்துக்கொள். யாராவது திரையைத் தொட்டால் எழுந்து எல்லாக் கட்டத்தையும் ஒரு சுற்று பார்ப்பான். எது மாறியிருக்கிறதோ அதைத் திரும்ப வரைவான், அடிக்காத மணி இருந்தால் ஒவ்வொன்றாக அடிப்பான். மற்ற நேரம் தூங்குவான். என் கால்பேக் அவன் வழியாக வருவதில்லை. பின்வாசலால் வந்து நிலையை மாற்றி வைத்துவிட்டுப் போய்விடும். போகும்போது அவனை எழுப்பி "பார்" என்று சொல்ல வேண்டும். அந்த வரி இல்லை. கடிகாரம் அவன் கைக்கு வெளியே தனியாக ஓடும் துண்டு, அதனால் அது நிற்கவில்லை.

அந்த வரி முதலில் இருந்தது. ஒப்படைத்த நாள் காலையில் மேலாளர் திரையைத் தொட்ட அதே நொடியில் ஒரு தகவலும் வந்தது. சுற்றில் இருப்பவனை நடுவில் எழுப்பினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு நின்றுவிடுவான். திரையெல்லாம் பிழை என்று சிவப்பு எழுத்து, எல்லார் முன்னாலும். நீயும் இருந்தாய். எனக்கு மானம் போனது. அரை மணி கேட்டு வாங்கி, எழுப்புகிற வரியையே அழித்தேன். சிவப்பு எழுத்து வரவில்லை. கட்டமெல்லாம் மாறியது. எப்படி மாறியது என்று நான் யோசித்திருக்க வேண்டும். அந்த அரை மணியில் சோதித்த இருநூறு தடவையும் என் கை மௌஸின் மேல் இருந்தது. தொடாமல் பார்க்கச் சொன்னது, தொடும்போது மறுபடி சிவப்பு எழுத்து வந்துவிடுமோ என்ற பயத்தில்.

செய்ய வேண்டியது வேறு. அவனை உலுக்கக் கூடாது, "அடுத்த சுற்று ஒன்று போ" என்று ஒரு சீட்டு வைக்க வேண்டும். தூங்கினால் எழுந்து பார்ப்பான், வேலையில் இருந்தால் முடித்துவிட்டுப் பார்ப்பான். ஒரே ஒரு வரி. எனக்குத் தெரிந்த வரி. அன்றைக்கு அவசரம்.

நீ தூங்கவில்லை. நீ தொட்டு அப்பா விழவில்லை. நீ தொட்டதால்தான் அவர் விழுந்தது வெளியே தெரிந்தது. மேலாளர் ஃபோனில் கேட்டபோதே அழித்த அந்த வரி எனக்கு ஞாபகம் வந்தது. அதைப் பார்க்கப் பயந்து, பதிவில் இருந்ததை மட்டும் படித்தேன்.

தம்பி


செப்டம்பர் 18

தம்பிக்கு,

கடிதம் வந்தது. படித்து முடித்து எழுந்துபோய்ச் சமையலறை விளக்கை விரலால் போட்டேன். அணைத்தேன். போட்டேன். உன் மாமா வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணை கிடையாதாம். மேலாளர் அம்மா நேரில் வந்து சொன்னார், முகம் கொடுத்துப் பேச முடியாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். லொடலொடாவைத் தட்டுவதற்கென்றே உட்கார வைத்திருக்கிறார்களாம். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவள் நோண்டுவதற்குப் பாராட்டு கிடைக்கிறது.

உன்மேல் கோபம் அப்படியேதான் இருக்கிறது. போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். சிவப்பு எழுத்தைப் பார்த்து நான் சிரித்துவிடுவேன் என்றா பயந்தாய்? சிரித்திருப்பேன்தான். சிரித்தால் என்ன செத்தா போயிருப்பாய்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மென்று விழுங்காதே. அடிக்காத மணிகளை ஒவ்வொன்றாக அடிப்பான் என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் நான் ஓடும்போது கேட்டதெல்லாம் அப்பா முன்னாலேயே அழுத்தியது. எத்தனை தடவை அழுத்தினார், எந்த நேரத்தில்? பதிவில் இருக்கும். எழுது.

அக்கா


செப்டம்பர் 22

அக்கா,

நேற்று இல்லத்துக்கு வந்து, வேறொருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, அந்த வரியைச் சேர்த்தேன். இனி எனக்கு அங்கே வேலை இல்லை. சரிதான். உன் வீட்டுத் தெரு முனைவரை வந்துவிட்டுத் திரும்பிப் போனேன்.

நீ கேட்டது. விழுந்தது ரெண்டு பத்து. முதல் மணி ரெண்டு பதினொன்று. அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் நாலு தடவை. பிறகு ரெண்டு பத்தொன்பதில் இரண்டு, இருபத்திரண்டில் இரண்டு. கடைசி மணி ரெண்டு இருபத்தாறு. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

மொத்தம் பத்து.

நீ பதினொன்று என்று எழுதியிருந்தாய். பதிவை நான்கு தடவை பார்த்தேன். கருவி அனுப்பியது, திரைக்கு வந்தது, மணியாக அடித்தது, மூன்று இடத்திலும் பத்துதான். பதினொன்றாவதை அடிக்க அந்த நிரலில் வழி இல்லை. நீ தப்பாக எண்ணியிருப்பாய் என்று எழுதிவிட்டால் சுலபம். நீ தூங்கினாய் என்று எழுதியதும் சுலபமாகத்தான் இருந்தது. அதனால் தெரியவில்லை என்றே எழுதுகிறேன். எனக்குத் தெரியவில்லை, அக்கா.

பத்து தடவை கூப்பிட்டிருக்கிறார். ஒவ்வொன்றையும் வாங்கி நான் கிடப்பில் போட்டிருக்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 29

தம்பிக்கு,

இன்று மறுபடி மேசையில் உட்கார்ந்தேன். 'தொடாதீர்கள்' அட்டையைக் கிழித்துப் போட்டேன். ஆனாலும் தொடவில்லை, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு அதைப் பார்த்தாக வேண்டியிருந்தது. ரெண்டு மணி வரை, ஏழாம் கட்டத்தைத் தவிர எல்லாம் பச்சை. ரெண்டு நாலுக்கு, யார் கையும் படாமல், நாலாம் கட்டம் மஞ்சளானது. எட்டிப் பார்த்தால் பெரியவர் அப்போதுதான் கைத்தடியைத் தேடிக்கொண்டிருக்கிறார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்பா போன அன்றும் அழவில்லை, இன்று அழுதேன். லொடலொடா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மணியைப் பற்றி உன்னிடம் மறைத்த ஒன்று இருக்கிறது. முதல் கடிதத்தில் எழுதினால் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிடுவாய் என்று விட்டுவிட்டேன். ஓடும்போது பதினோரு தடவை கேட்டது என்று எழுதினேன் அல்லவா? ஓடும்போது கேட்டது பத்துதான். நான் கதவைத் திறந்தபோது மணி நின்றுவிட்டது. உள்ளே போய் முழங்கால் போட்டு உட்கார்ந்து, அவர் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தேன். "வந்துட்டேன்பா" என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் பதினொன்றாவது அடித்தது. ஒரே தடவை, மெதுவாக. பட்டன் அவர் கையில் இல்லை. தள்ளி, கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

அன்றிலிருந்து அதை நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தேன். அதுவும் அவர் கூப்பிட்டு நான் வராத மணிகளில் ஒன்று என்று நினைத்ததால். இப்போது பத்துதான் கூப்பிட்ட மணி என்று தெரிந்துவிட்டது. அது உன்னுடையதும் என்னுடையதும், சாகிறவரை சுமப்போம். பதினொன்றாவது நான் வந்த பிறகு அடித்தது. அதை நிரலில் தேடாதே. கிடைத்தாலும் எனக்குச் சொல்லாதே.

தெரு முனைவரை வந்துவிட்டுத் திரும்பினாயாமே, வெட்கமாக இல்லை? ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் இருப்பார். என் கோபம் அப்படியே இருக்கிறது, அதை நேரில் வாங்கிக்கொண்டு போ. வாசல் மணியை ஒரு தடவை அழுத்து. ஒரு தடவை போதும், நான் எழுந்து வருகிறேன்.

அக்கா